அறிக்கையில் ‘ஷர்க்’ என்று எழுதிவிட்டார்கள்: இந்த வினைச்சொல் உண்மையில் எதைச் சொல்கிறது?

மூத்தவள்

வணக்கம். ஆங்கிலத்திலும் அலுவலக நடைமுறையிலும் பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு விளக்கம் கேட்க வந்திருக்கிறேன்.

என் தம்பி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பண்டகக் காப்பாளர். அவனுடைய ஆண்டுச் செயல்திறன் அறிக்கை இந்த வாரம் கைக்கு வந்தது. மதிப்பெண் குறைந்திருக்கிறது. மேலதிகாரியின் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது: ‘டெண்ட்ஸ் டு ஷர்க் ரெஸ்பான்சிபிலிட்டி’ (tends to shirk responsibility). வேறு விவரம் இல்லை.

அகராதியைப் புரட்டினால் தவிர், தட்டிக்கழி, நழுவு, ஏய் என்று வரிசையாகப் போடுகிறார்கள். தவிர்ப்பதும் ஏய்ப்பதும் ஒன்றாகுமா? இவன் வேலை தெரியாதவன் என்கிறார்களா, சோம்பேறி என்கிறார்களா, ஏமாற்றுக்காரன் என்கிறார்களா? மறுப்பு எழுத 15 நாள் அவகாசம் உண்டு. எதை மறுக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எழுத முடியும்?

மெய்ப்பு மேசை

சகோதரி, அந்தச் சொல் கடுமையானது. எழுதியவர் அதன் கனத்தை அறிந்து எழுதினாரா என்பது வேறு கேள்வி.

ஒருவர் ‘ஷர்க்’ செய்தார் என்றால் மூன்று விஷயங்கள் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. அந்த வேலை அவருடையது. அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். செய்யக்கூடிய நிலையில் இருந்தும் வேண்டுமென்றே நழுவினார். மூன்றில் ஒன்று விழுந்தாலும் சொல் பொருந்தாது. வேலை தெரியாமல் கெடுத்தவரைப் பற்றி இந்த வினையை எழுத முடியாது. மறந்துபோனவரைப் பற்றியும் முடியாது. அதற்கு ‘நெக்லெக்ட்’ இருக்கிறது, கவனக்குறைவுக்கும் மறதிக்கும் அது இடம் கொடுக்கும். ‘அவாய்ட்’ என்பதில் பழியே இல்லை; நெரிசலான சாலையைத் தவிர்ப்பவர் யாருக்கும் எந்தக் கடனும் பட்டவர் அல்லர். ‘இவேட்’ என்றால் தந்திரம் கலந்துவிட்டது. வருமான வரியில் இந்த வேறுபாடு சட்டத்தையே பிரிக்கிறது: சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைத்துக்கொள்வது தவிர்ப்பு, வருமானத்தை மறைப்பது ஏய்ப்பு. ‘ஷர்க்’கில் தந்திரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடமை மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இலக்கணம் எளிது. செயப்படுபொருள் நேராக ஒட்டிக்கொள்ளும்: ‘ஷர்க் ஹிஸ் டியூட்டி’. நடுவில் ‘ஃப்ரம்’ வேண்டியதில்லை. கூசிப் பின்வாங்குவதைக் குறிக்கும் ‘ஷ்ரிங்க்’ என்ற வேறொரு வினைக்குத்தான் ‘ஃப்ரம்’ உரியது. ஒலி ஒப்புமையால் அது இங்கேயும் நுழைந்துவிடுகிறது. அச்சில்கூடப் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் நான் திருத்திவிடுவேன். செயப்படுபொருள் இல்லாமலும் வரும். ஆளைச் சொல்ல ‘ஷர்க்கர்’.

ஒன்று கவனியுங்கள். நல்ல ஆங்கிலத்தில் இந்த வினை அதிகம் புழங்குவது எதிர்மறையில்தான்: ‘நெவர் ஷர்க்ட்’, எந்தப் பொறுப்பையும் ஒருபோதும் தட்டிக்கழிக்காதவர். பிரிவுபசார உரையிலும் இரங்கல் குறிப்பிலும் இதைக் காணலாம். நேர்மறையாக, பெயர் குறித்த ஒருவர் மேல், பதிவேட்டில் எழுதுவது அபூர்வம். அந்த அளவுக்கு அது குற்றச்சாட்டு.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது அதன் பொருள் ஏமாற்றிப் பிழைப்பது. கடமையிலிருந்து நழுவுவது என்ற இன்றைய பொருள் அதற்குப் பின்னால் வந்தது. அயோக்கியன் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லோடு உறவு இருக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து.

வடலி

அக்கா, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இதற்குக் ‘கள்ளமடித்தல்’ என்றுதான் சொல்வார்கள். செய்கிறவர் வேலைக்கள்ளன். சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை, களவு என்கிறார்கள். மெய்ப்பு மேசை சொல்லும் கடுமை அதில் அப்படியே இருக்கிறது. ‘வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாக்கு’ என்ற பழமொழியும் அந்த வகைதான். ஆனால் அந்தப் பழமொழி எனக்குப் பிடிக்காது. இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவளுக்கு உண்மையிலேயே கை ஒழியாமல் இருக்கலாம். அவளைக் கள்ளி என்று முடிவுகட்டிவிட்டுத்தான் பழமொழி தொடங்குகிறது. உங்கள் தம்பியின் அறிக்கையிலும் அதுதான் நடந்திருக்கிறது போலத் தோன்றுகிறது.

நாகூர் வாசகர்

இடையில் ஒரு சிறு குறிப்பு. இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடுகிறவர்களுக்கு, இறைவனுக்கு இணைவைப்பதைக் குறிக்கும் ‘ஷிர்க்’ என்ற அரபுச் சொல் பற்றிய பக்கங்களும் வந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். பொருளிலோ பிறப்பிலோ தொடர்பு எதுவும் இல்லை. மாணவர்கள் இரண்டையும் கலந்து எழுதியதைக் கண்டிருப்பதால் சொல்கிறேன்.

கோப்புக்கட்டு

பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொல்லின் பொருளை மெய்ப்பு மேசை தெளிவாகச் சொல்லிவிட்டார். அம்மா, எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். உங்கள் தம்பி எந்த வேலையைச் செய்யவில்லை என்று அவருக்குக் கோபம்? அறிக்கையில் இல்லாவிட்டாலும் தம்பிக்குத் தெரிந்திருக்குமே?

மூத்தவள்

தெரியும் ஐயா. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறான்.

முதலாவது, ஓர் ஒப்பந்ததாரருக்கு மின்கம்பிச் சுருள்களை உடனே கொடுத்தனுப்பச் சொல்லி மேலதிகாரி தொலைபேசியில் கூறினார். தேவைப் பட்டியல் எதுவும் வரவில்லை. இவன் எழுத்தில் ஆணை கேட்டுக் கோப்பில் குறிப்பு வைத்தான். சரக்கு மறுநாள்தான் போனது.

இரண்டாவது, பக்கத்துக் கிடங்கின் காப்பாளர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தக் கிடங்கு இவனிடம் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை. இருப்புச் சரிபார்ப்பு வந்தபோது அங்குள்ள பட்டியலிலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எண்ணிப் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான்.

‘பொறுப்பேற்கத் தயங்குபவன்’ என்ற பெயர் அன்றிலிருந்துதான் தொடங்கியது.

கோப்புக்கட்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 3ஆம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழிக் கட்டளையை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. தவிர்க்க முடியாமல் வாயால் சொல்லிவிட்டால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்துவது மேலதிகாரியின் வேலை. இன்னொரு பக்கம், வாய்மொழிக் கட்டளை பெற்ற ஊழியர் அதை எழுத்தில் உறுதிசெய்து தரும்படி கூடிய விரைவில் கேட்க வேண்டும். கேட்கலாம் என்று இல்லை, கேட்க வேண்டும் என்று இருக்கிறது.

ஆக, எழுத்தில் கேட்டதே தம்பியின் கடமை. கடமையைச் செய்ததற்குக் கடமை தவறியவன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. என் பணிக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட பையன்கள் இருந்ததால்தான் தணிக்கையில் தப்பித்த அதிகாரிகளைக் கண்டிருக்கிறேன். அந்த அதிகாரிகளே அறிக்கையில் இவர்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் எழுத மாட்டார்கள்.

இரவுப் பணி

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். ‘எழுத்தில் கொடுங்கள்’ என்பதைக் கேடயமாக வைத்துக்கொண்டு வேலையிலிருந்து நழுவுகிறவர்களோடு ஒவ்வொரு முறைமாற்றத்திலும் மல்லுக்கட்டுகிறேன். குருதி கசிந்த காயக்கட்டை மாற்றும் வேலை ‘காலை முறைக்கு உரியது’. மருந்து எழுதியவரின் கையெழுத்து தெளிவாக இல்லை என்பதால் ‘மருத்துவர் வந்து சொல்லட்டும்’. படுக்கை நனைந்த முதியவர் அழைப்புமணியை அழுத்திக்கொண்டே இருப்பார். அவர் யாருடைய நோயாளி என்ற கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் அவருக்குக் குளிர் கண்டுவிடும். இப்படி நழுவுகிறவருக்கு ‘ஷர்க்கர்’ என்ற பெயர் கடுமையானது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெயர் வேண்டும். அது இல்லாவிட்டால் அவர்கள் செய்யாத வேலையைச் செய்து முடிக்கிறவர்களுக்கு வாயே இல்லை.

மருத்துவத்தில் இதற்கு ஓர் உறவுச் சொல் இருக்கிறது: ‘மாலிங்கர்’. வேலையிலிருந்தோ படைப்பணியிலிருந்தோ தப்ப நோய் இருப்பதாக நடிப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் அதற்கு இசட்76.5 என்ற குறியீடு. நோய்களுக்கான அத்தியாயங்களில் அதை வைக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் இந்தியத் தரைப்படைச் சட்டத்தில் 46ஆம் பிரிவு அதைத் தண்டனைக்குரிய குற்றமாகச் சொல்கிறது. குணமாவதை வேண்டுமென்றே தாமதப்படுத்துவதும் அதே பிரிவில் அடங்கும். ஆனால் நோயாளியின் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை எழுத நல்ல மருத்துவர்கள் மிகவும் யோசிப்பார்கள். ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்து வரும் யாரும் அவருடைய வலியை நம்ப மாட்டார்கள். சொல் வேண்டும் என்கிறேன், அதைச் சான்றோடு எழுத வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோப்புக்கட்டு

இரவுப் பணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. விதியை எழுதியவர்களும் அதை யோசித்திருக்கிறார்கள். அதே 3ஆம் விதியின் கீழ் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. அதிகாரப் பகிர்வின்படி தேவையே இல்லாத இடத்தில் மேலதிகாரியின் அறிவுரையையோ ஒப்புதலையோ கேட்டுத் தன் பொறுப்பிலிருந்து நழுவ இந்த விதி யாருக்கும் இடம் தராது என்கிறது. எந்த வினையைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ‘இவேட்’. கோப்பை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் பழக்கத்தை அரசாங்கமே பெயர் சொல்லிக் கண்டித்திருக்கும் இடம் அது.

ஆகவே தம்பியின் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது. தேவைப் பட்டியல் இல்லாமல் கிடங்குச் சரக்கை வெளியே அனுப்பும் அதிகாரம் பண்டகக் காப்பாளருக்கு இருந்ததா? இருந்திருந்தால், எழுத்தில் ஆணை கேட்டது தட்டிக்கழித்தல். இல்லாவிட்டால், அது விதிப்படி செய்த வேலை. உங்கள் அலுவலகத்தின் அதிகாரப் பகிர்வு ஆணையையும் பண்டகப் பணிக் கையேட்டையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

பொருளியல் ஆசிரியர்

இந்த வினை பொருளியலில் ஒரு கலைச்சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். 1972இல் ஆல்ச்சியன், டெம்செட்ஸ் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் எழுதிய கட்டுரை, நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கே இதை விடையாக வைத்தது. பலர் சேர்ந்து ஒரு பளுவைத் தூக்கும்போது எவர் எவ்வளவு தூக்கினார் என்று பிரித்து அளக்க முடியாது. அளக்க முடியாத இடத்தில் ஒவ்வொருவரும் கொஞ்சம் கையை தளர்த்துவார். எனவே கண்காணிக்க ஒருவர் தேவை. 1984இல் ஷாப்பிரோவும் ஸ்டிக்லிட்ஸும் இதை மேலும் நீட்டினார்கள்: சந்தைக் கூலியைவிடக் கூடுதலாகக் கொடுத்தால், வேலை போய்விடும் என்ற அச்சம் தொழிலாளியை நழுவவிடாது, அந்தக் கூடுதல் கூலியே வேலையின்மைக்கும் ஒரு காரணம் ஆகிறது. அந்தக் கோட்பாட்டை மாணவர்கள் ‘ஷர்க்கிங் மாடல்’ என்றே படிக்கிறார்கள்.

சோதனைச் சான்றும் உண்டு. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து 1913இல் வெளியிட்டார். 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியே அவர்கள் இழுக்கக்கூடிய மொத்த விசையில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது.

வடலி

ஆசிரியரே, அந்தப் பாதி முழுவதும் கள்ளமடித்ததால் குறைந்ததா? எட்டுப் பேர் ஒரே நொடியில் ஒரே திசையில் இழுப்பது கடினம். சேர்ந்து இழுக்கத் தெரியாததும் காரணமாக இருக்குமே.

பொருளியல் ஆசிரியர்

மிகச் சரியான கேள்வி. ரிங்கல்மானே ஒத்திசைவுக் குறைவைத்தான் பெரிதாகக் கருதினார். 1974இல் இங்கமும் மற்றவர்களும் கண்களைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் ஒருவரை மட்டும் இழுக்கச் செய்தார்கள். அப்போதும் விசை குறைந்தது. ஒத்திசைவுக் கோளாறு ஒரு பகுதி, முயற்சி குறைவது இன்னொரு பகுதி என்று அதன் பிறகுதான் பிரித்துச் சொல்ல முடிந்தது. அந்த இரண்டாம் பகுதியைக்கூட உளவியலாளர்கள் ‘ஷர்க்கிங்’ என்று சொல்லாமல் ‘சோஷியல் லோஃபிங்’ என்கிறார்கள். கையைத் தளர்த்துவதை இழுப்பவரே உணராமல் இருக்கலாம். உணராததை வேண்டுமென்றே செய்ததாகச் சொல்வதற்கில்லை.

வரலாற்று மாணவன்

பொருளியலார் இந்தச் சொல்லை அளவீட்டுக் கருவியாகப் பார்க்கிறார்கள். அது ஆயுதமான கதையையும் இந்த இழையில் பதிவுசெய்ய வேண்டும்.

முதல் உலகப் போரில் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை தொடக்கத்தில் இல்லை. படையில் சேராத இளைஞரை ‘ஷர்க்கர்’, ‘ஸ்லாக்கர்’ என்று தெருவில் வைத்தே அவமானப்படுத்தினார்கள். கோழை என்று காட்ட வெள்ளை இறகைக் கையில் கொடுத்தார்கள். விடுப்பில் ஊர் வந்து சாதாரண உடையில் நடந்த போர்வீரர்களுக்கும் இறகு கிடைத்தது. யார் நழுவினார் என்பதை முகத்தைப் பார்த்தே முடிவு செய்தால் அப்படித்தான் ஆகும். 1916 ஜனவரியில் மணமாகாத ஆண்களுக்குக் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது. ஒரு வகையில் அதுதான் நேர்மையான நிலை: அதுவரை இல்லாத கடமை அன்றுதான் சட்டத்தில் எழுதப்பட்டது.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கொடியது. யூதர்கள் போர்முனையைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்ற பழி பரவியது. 1916 அக்டோபரில் பிரஷ்யப் போர் அமைச்சகம், படையில் உள்ள யூதர்களை மட்டும் தனியாக எண்ணும்படி ஆணையிட்டது. முன்னணியில் எத்தனை பேர், பின்னணியில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். போர் முடியும்வரை முடிவை வெளியிடவே இல்லை. கணக்கெடுத்தார்கள் என்ற செய்தியே பழியை உறுதிசெய்தது போல ஆகிவிட்டது. அந்தப் போரில் ஜெர்மன் படையில் ஏறத்தாழ 1,00,000 யூதர்கள் பணியாற்றினார்கள், ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். அகழிகளில் நின்றுகொண்டிருந்தபோதே தங்களை எண்ண வந்தவர்களைப் பார்த்த அந்த வீரர்களை என்னால் மறக்க முடியவில்லை.

நழுவினார் என்று ஒருவரைச் சொல்கிறவர் சான்றைக் காட்ட வேண்டும். சொல்லப்பட்டவர் தன்னை நிரூபித்துக்கொண்டு அலையும்படி விடக்கூடாது. மூத்தவள் அக்கா, உங்கள் தம்பியின் மறுப்பிலும் இதையே முதலில் வையுங்கள்.

இரவுப் பணி

இதற்கு என் முழு ஆதரவு. எங்கள் நோயாளர் விடுதியில் ஒருவர் நழுவினால் எந்தத் தேதி, எந்த முறை, எந்தப் படுக்கை என்று நான் எழுதித்தான் கொடுப்பேன். எழுதிக் கொடுக்க முடியாதபோது சொல்ல மாட்டேன்.

மூத்தவள்

எல்லோருக்கும் நன்றி. தம்பி கையேட்டை எடுத்துவிட்டான். தேவைப் பட்டியலும் உரிய அதிகாரியின் ஒப்புதலும் இல்லாமல் சரக்கு வெளியே போகக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. பக்கத்துக் கிடங்கைப் பொறுத்தவரை, ஒப்படைப்பு அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே பொறுப்பு மாறும் என்றும் இருக்கிறது.

மறுப்பில் ‘நான் ஷர்க் செய்யவில்லை’ என்று தொடங்கியிருக்கிறான். சரியா?

மெய்ப்பு மேசை

வேண்டாம். அந்த வினையைத் தன்மை இடத்தில் எழுதவே வேண்டாம். மறுக்கும்போதுகூட அவருடைய பெயரும் அந்தச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ‘இன்ன பத்தியில் உள்ள குறிப்பு’ என்று சுட்டினால் போதும்.

அந்த வினைக்குச் செயப்படுபொருளாக நிற்கும் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ மிகப் பொதுவான சொல் என்பதையும் பயன்படுத்துங்கள். எந்தப் பொறுப்பு என்று கேட்க வேண்டும். ‘டெண்ட்ஸ் டு’ என்றால் அது ஒரு போக்கு, பலமுறை நடந்தது என்று பொருள். எனவே எந்தெந்தத் தேதிகளில் என்று கேட்பதற்கு அந்த இரண்டு சொற்களே இடம் கொடுக்கின்றன.

கோப்புக்கட்டு

சொல்லும் முறையைப் பற்றி நானும் சேர்க்கிறேன். பொதுப் பணியில் இருப்பவரின் ஆண்டு அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பதிவையும் அவருக்குத் தெரிவித்து, முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு வந்த 2009ஆம் ஆண்டு அரசாணைப்படிதான் இந்த 15 நாள். எனவே இது சலுகை என்று நினைத்துக்கொண்டு கெஞ்சும் தொனியில் எழுத வேண்டாம். ஜே. அகமது வழக்கில் 1979இல் அதே நீதிமன்றம், திறமைக் குறைவோ தலைமைப் பண்பு இல்லாமையோ தன்னளவில் நடத்தைக் கேடு ஆகாது என்றும் பிரித்துக் காட்டியிருக்கிறது. அது ஒழுங்கு நடவடிக்கை வழக்கு. ஆண்டு அறிக்கைக்கு நேராகப் பொருந்தாது, மறுப்பில் மேற்கோள் காட்ட வேண்டாம். பின்னால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஏதும் வந்தால் மட்டும் நினைவில் வையுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். குறிப்புக்கு ஆதாரமான நிகழ்ச்சிகளைக் கேட்டு ஒரு பத்தி. மின்கம்பிச் சுருள் பற்றி ஒரு பத்தி: தொலைபேசிக் கட்டளை, கோப்பில் வைத்த குறிப்பு, எழுத்தில் ஆணை வந்த தேதி, சரக்கு வெளியே போன தேதி. 3ஆம் விதியையும் கையேட்டின் பிரிவையும் அங்கேயே சொல்லிவிடலாம். பக்கத்துக் கிடங்குக்கு ஒரு பத்தி. கடைசியில், குறிப்பை நீக்கி மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை. மேலதிகாரியின் உள்நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம்.

மூத்தவள்

அப்படியே எழுதச் சொல்கிறேன் ஐயா. ஒரே ஒரு ஐயம். அறிக்கை கைக்கு வந்தபோது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் குறிப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமா?

கோப்புக்கட்டு

ஆகாது. அது அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டுமே. 15 நாள் அந்தக் கையெழுத்தின் தேதியிலிருந்துதான் ஓடும், ஆகவே அந்தத் தேதியை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். மறுப்பை நேரில் கொடுத்து, நகலில் வரவு எண்ணும் தேதியும் இட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.